மாடியில் ஒரு நர்ஸ் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்டியாக் அரெஸ்ட், அதாவது திடீரென்று இதயம் நின்றுபோவது, வந்தவருக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உதவ வழிசெய்யும் மொபைல் செயலிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். செயலியை இறக்கி வைத்துக்கொண்டால் போதும் என்ற தொனியில் அது முடிந்திருந்தது. போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருடங்களுக்கு முன், இரவு ஒன்பது மணிக்கு, டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். வயது 51. கூப்பிட்டால் பதில் இல்லை. ஆனால் வாய் திறந்து திறந்து மூடியது; நடுநடுவே குறட்டை மாதிரி ஒரு சத்தம். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நம்பினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தோம், கை கால்களைத் தேய்த்தோம். ஆம்புலன்ஸ் வர பதினான்கு நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தச் சத்தம் மூச்சே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இதயம் நின்றபின் கொஞ்ச நேரம் வரும் வெறும் திணறல் அது. நினைவில்லாமல் ஒருவர் அப்படித் திணறினால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டுமாம்.

ஒரு வாரம் கழித்து மாடி வீட்டுப் பெண் வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருப்பவர். அன்று இரவு வீட்டில்தான் இருந்திருக்கிறார். "அக்கா, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டு அழுதார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே பதினெட்டுப் படிகள். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நல்ல செயலி செய்கிற வேலை அந்தப் பதினெட்டுப் படிகளைத் தாண்டுவதுதான். அவசர எண்ணுக்குப் போன் வந்ததும், இதயம் நின்றிருக்கலாம் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தோன்றினால், சில நூறு மீட்டருக்குள் இருக்கும் பயிற்சி பெற்றவர்களின் மொபைல்கள் அலறும். ஒருவர் நோயாளியிடம் ஓடுவார், இன்னொருவர் பக்கத்தில் எங்கே ஏஇடி கருவி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் சிறு கருவி) இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வருவார். சிங்கப்பூரில் 2015 முதல் இப்படி ஒரு செயலி இருக்கிறது. 400 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத் தகவல் போகும். சிபிஆரும் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) இல்லாமல் மின் அதிர்ச்சியும் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்கிறார்கள். பதினான்கு நிமிடத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டுரையில் விட்டுப்போனது இதுதான்: ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையோடு இணைக்காத செயலி யாரையும் கூப்பிடாது. சிபிஆர் எப்படிச் செய்வது என்ற வீடியோ அதில் இருக்கும். அது நிதானமாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள உதவும். ஆனால் கண்ணெதிரே ஒருவர் விழுந்து கிடக்கும்போது வீடியோ தேடுகிற நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் இல்லை.

ஸ்டாக்ஹோமில் 2012, 2013-இல் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மொத்தம் 667 சம்பவங்கள். பக்கத்தில் இருந்த தன்னார்வலர்களை மொபைல் மூலம் அழைத்தபோது, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே 62 சதவீதம் பேருக்கு சிபிஆர் கிடைத்தது, அழைக்காதபோது 48. ஆனால் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை வைத்து இந்த முறையே வீண் என்று நான் நினைக்கவில்லை. அழுத்தும் கை போய்ச் சேர்ந்தது என்பது பெரிய விஷயம். ஏஇடியும் அதே வேகத்தில் வர வேண்டும். பூட்டிய அலுவலகத்துக்குள் இருக்கும் கருவி இரவு ஒன்பது மணிக்கு யாருக்கு உதவும்?

அப்புறம், இதயம் நின்றுபோவது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. அமெரிக்காவின் பல்ஸ்பாயின்ட் போன்ற சில செயலிகளோ பொதுமக்களைப் பொது இடங்களுக்கு மட்டுமே அனுப்புகின்றன. முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடும் தயக்கம் புரிகிறது. ஆனாலும் அன்று யார் வந்து கதவைத் தட்டியிருந்தாலும் நான் திறந்திருப்பேன்.

தப்பாக அழுத்தி ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. பயிற்சிக்குப் போன முதல் நாளே அதைத்தான் கேட்டேன். "இதயம் ஏற்கெனவே நின்னுபோச்சு. இதைவிட மோசமா நீங்க என்ன செஞ்சிட முடியும்?" என்றார் சொல்லிக்கொடுத்தவர். நெஞ்சின் நடுவே, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்துவதற்குள் கை நடுங்கிவிட்டது. இரண்டாவதாக ஓர் ஆள் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்தத் திணறல் மூச்சைப் பற்றி மட்டும் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அது எப்படிக் கேட்கும், எப்படித் தெரியும் என்று யாராவது மருத்துவரை விட்டு எழுதச் சொல்லுங்கள். எந்தச் செயலி வந்தாலும் முதலில் போன் செய்யப்போவது வீட்டில் இருப்பவர்தான். "மூச்சு இருக்கு" என்று அவர் சொல்லிவிட்டால், மாடியில் இருக்கும் நர்ஸின் மொபைல் அடிக்காமலே போய்விடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி