எருமைக் கன்றுக்குப் பத்தாம் நாளில் பூச்சி மருந்து

திருகோணமலை மாவட்டத்துப் பட்டிக்காரர்களுக்கும் பால் சங்கங்களை நடத்தும் உறவுகளுக்கும்,

வணக்கம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், ஈச்சிலம்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும் எருமைத் தயிர் முட்டி கண்ணில் படும் மாவட்டம் நம்முடையது. அந்தத் தயிருக்குப் பின்னால் ஒரு கன்று நிற்கிறது. கன்று முட்டினால்தான் எருமை பால் இறக்கும். கன்று செத்துப்போனால் பல எருமைகள் மடியில் கைவைக்கவே விடாது. அதனால்தான் கன்றின் குடலைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் பட்டியில் ஒரு மாரியில் மூன்று கன்றுகள் போயின. ஈன்றபோது மூன்றும் நல்ல உடம்போடுதான் இருந்தன. மூன்று கிழமை கழிந்ததும் களிமண் நிறத்தில் கழிச்சல். மயிர் சிலிர்த்து, விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, இருந்த பாலையும் குறைத்தோம். கடைசிக் கன்றை அறுத்துப் பார்த்தபோது சிறுகுடல் நிறைய ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

டொக்சோகாரா விட்டுலோரம் என்பது அந்த உருண்டைப் புழுவின் பெயர். அது கன்றுக்குப் போய்ச் சேரும் வழியைத் தெரிந்துகொண்டபோதுதான் எங்கள் பிழை புரிந்தது. மண்ணில் கிடக்கும் முட்டையை எருமை புல்லோடு விழுங்குகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு எருமையின் குடலில் வளர்வதில்லை. ஈரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குள் போய் அப்படியே ஒடுங்கிக் கிடக்கிறது. எருமைக்கு ஒரு நோயும் தெரியாது. ஈனும் காலம் நெருங்கியதும் அந்த இளம்புழு விழித்து மடிக்கு நகர்ந்து, கடும்புப்பாலோடும் அடுத்த நாட்களின் பாலோடும் கன்றுக்குள் இறங்குகிறது. தாயின் உடம்பு கன்றுக்காகத் தயாராகும் அதே நேரத்தைப் புழுவும் பார்த்துக் காத்திருக்கிறது.

கன்றின் குடலில் ஏறக்குறைய மூன்று கிழமையில் அது முதிர்ந்துவிடும். பிறகு ஒரு பெண் புழு நாளொன்றுக்கு லட்சம் முட்டை வரை போடும். தடித்த ஓடுள்ள அந்த முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அப்புறம் நான்கைந்து மாதத்தில் கன்றின் உடம்பு தானாகவே புழுக்களை வெளியே தள்ளிவிடும். அதுவரை கன்று பிழைத்திருந்தால்தான்.

ஆகவே ஆறு மாதக் கன்றுக்குக் கொடுக்கும் மருந்தால் இந்தப் புழு விஷயத்தில் பயன் இல்லை. சினை எருமைக்கு வழக்கமான பூச்சி மருந்தைக் கொடுத்தாலும், தசைக்கும் உறுப்புக்கும் உள்ளே ஒடுங்கிய இளம்புழுவை அது தீர்த்துவிடும் என்று நம்ப முடியாது. பயந்து கடும்புப்பாலை நிறுத்தவும் கூடாது. கன்றுக்கு வேண்டிய எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. பிறந்த 10ஆம் நாளிலிருந்து 16ஆம் நாளுக்குள் பைரன்டெல் போல இளம்புழுவையும் கொல்லும் மருந்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தினால் பாலில் புழு இன்னும் வந்துகொண்டிருக்கும். பிந்தினால் முட்டை மண்ணுக்குப் போய்விடும். சரியான நாளில் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு தடவையே போதும். அளவை மட்டும் மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே போத்தலை வீட்டிலுள்ள எல்லா உயிருக்கும் ஊற்றும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் புழுவுக்கு முறை வேறு. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். இமையின் உள்பக்கம் வெளுத்துப்போன ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். மந்தை முழுவதுக்கும் அடிக்கடி ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழுதான் மிஞ்சிப் பெருகும். இரத்தமாய்க் கழியும் கோழிக் குஞ்சுக்குப் பெரும்பாலும் கொக்சிடியா என்ற ஒற்றைச் செல் உயிரி. பூச்சி மருந்து அதைத் தொடாது. கூட்டின் ஈரத்தை அகற்றி, அதற்கென்று உள்ள மருந்தைக் கொடுக்க வேண்டும்.

பால் சங்கங்களிடம் ஒரு கோரிக்கை. லீற்றர் கணக்கு எழுதும் அதே கொப்பியில் எருமை ஈன்ற தேதியையும் எழுதுங்கள். பத்தாம் நாள் பால் கொண்டுவருபவரிடம் ஞாபகப்படுத்துங்கள். மாரி மழையில் பட்டிக்கு வண்டி போகாத நாட்கள் வரும். ஆகவே ஐப்பசிக்கு முன்பே மிருக வைத்தியரிடம் பேசி மருந்தைச் சங்கத்தில் வாங்கி வையுங்கள்.

பட்டிக்காரர்களே, சின்னக் கன்றுகளின் சாணத்தை மேய்ச்சல் தரையில் கொட்டாதீர்கள். குவித்துச் சூடேற மக்கவிடுங்கள். கன்று கட்டும் இடத்தை மேட்டில், வெயில் படும் பக்கமாக மாற்றுங்கள்.

எங்கள் பட்டியில் இப்போது ஐந்து எருமைகள் சினையாக நிற்கின்றன. அவை ஈனும் தேதிகளை நான் கொண்டுவந்து தருகிறேன். முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொட்டியாரக் குடாப் பக்கத்துப் பட்டிக்காரன் ஒருவன்