தென்கடற்கரைப் பூங்காவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களே, அக்கா தங்கைகளே, கடலுக்குப் போகும் அண்ணன் தம்பிகளே,

பூங்காவும் நடைபாதையும் திறந்தாயிற்று. விழா மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்டவர்கள் சிலர், போர்த்தப்படாதவர்கள் பலர். இந்த மடல் இரண்டாமவர்களுக்கு. பெயர் எதையும் போடவில்லை. போட்டால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், ஆறு மாதத்துக்கு ஊரில் அதே பேச்சாக இருக்கும். செய்த வேலையைச் சொல்கிறோம், செய்தவர்களுக்குத் தங்களைத் தெரியும். ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம் முதல் மூக்கையூர் வரை வேறு எந்தக் கரையூராவது இந்த வேலையில் இறங்கினால் உதவட்டும் என்று அளவுகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி, கரையில் நின்றே வலை இழுக்கும் கரைவலைக்காரர்களுக்கு. அலுவலகத்தில் போடும் வரைபடத்தில் கடற்கரை வெறும் காலியிடமாகத்தான் தெரியும். அதில் எங்கு வேண்டுமானாலும் பெஞ்சு போடலாம், நடைபாதை இழுக்கலாம் என்று தோன்றும். நீங்கள் குச்சி நட்டுக் காட்டிய பிறகுதான் எது காலி, எது காலியில்லை என்பது வரைபடத்தில் ஏறியது. கரைவலையில் இரண்டு தலைப்பிலும் வலையை இழுக்கும் கம்பாக் கயிறு பிடிப்பவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இழுக்க இழுக்க ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். இடைப்பட்ட கரை முழுவதும் வெறுமையாக இருந்தால்தான் பாடு, அதாவது வலையில் பட்ட மீன், கரையேறும். வள்ளம் ஏற்றி வைக்கும் இடம், வலை காயப்போடும் இடம், கருவாட்டுக் களம் எல்லாவற்றையும் இப்படித்தான் குறித்தோம். பாசி எடுக்கும் அக்காமார் இன்னொன்றையும் சொன்னார்கள்: உலரும் பாசியில் மணல் ஏறினால் விலை இறங்கிவிடும், பிள்ளைகள் ஓடும் வழி அதன் பக்கமே வரக்கூடாது. ஆகவே நடைபாதை மணல்மேட்டுக்குப் பின்னால், ஊர்ப்பக்கமாகப் போனது. கடலைப் பார்க்க இரண்டு இடத்தில் மட்டும் மேட்டைத் தாண்டி வழி இருக்கிறது. கடலோரமாகவே நடந்தால் அழகாக இருக்குமே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அழகுதான். ஆனால் முதலில் அது வேலை நடக்கும் இடம்.

கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் எல்லை அளவைக் காட்டும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். நிலம் என்ன வகைப் புறம்போக்கு என்று தெளிவாகாமல் தீர்மானம் போட்டால் கோப்பு பாதியில் நின்றுவிடும். எங்கள் ஊர் போன்ற கிராமக் கரையில் கடல் பொங்கி ஏறும் உச்சமான உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. தோட்டம், பூங்கா, விளையாட்டுத் திடல் வைக்கக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இடம் கொடுக்கிறது. கழிப்பறையையும் பொருள் வைக்கும் அறையையும் அந்த எல்லைக்கு வெளியே தள்ளி வைத்ததற்கு இதுதான் காரணம். கடலைப் பார்க்கப் போகும் அந்த இரண்டு வழியைத் தவிர மணல்மேட்டையும் ஆமை முட்டையிடும் மணலையும் தொடவே இல்லை.

சீமைக்கருவேலத்தை அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை எழும்பும். தூரோடு பிடுங்க வேண்டும், அதுவும் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது. நூறு நாள் வேலையில் இயந்திரம் வைக்க முடியாது என்பதால் ஜேசிபி வாடகைக்குத் தனியாகப் பணம் தேவைப்பட்டது. கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை எடுத்துக்கொண்டு அந்த வாடகையை அடைத்தார்கள். பிடுங்கிய குழியை அன்றன்றே மூடி, முளைவிட்டதைக் கையால் பறித்த நூறு நாள் வேலைப் பெண்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. முதல் மழைக்குப் பின் முளைப்பதை விட்டுவிட்டால் செய்த செலவெல்லாம் வீண்.

நடைபாதை 5 அடி அகலம். இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்கலாம், ஒரு சக்கர நாற்காலியும் தடையில்லாமல் போகும். மணலில் நேராகப் பேவர் கல் பதித்தால் ஓரம் முதலில் சரியும், பிறகு நடுவும் குழியும். ஓரக்கல்லை ஆழமாகப் புதைத்து, நடுவில் 6 அங்குலம் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே உருளை ஓட்டினால் நாலரை அங்குலமாக இறுகும். காய்ந்த கிராவலை உருட்டினால் இறுகாது, காற்றில் பறக்கும். மேட்டில் ஏறும் இடங்களில் 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்ற மேஸ்திரியைப் பாட்டிமார் வாழ்த்துகிறார்கள்.

அதே மேஸ்திரிக்கும் கொத்தனார்களுக்கும் இன்னொரு நன்றி. ஆழ்குழாய்த் தண்ணீரில் கலவை போட மாட்டோம் என்று நின்றார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆழ்குழாயில் எவ்வளவு உப்பு என்பது நாக்குக்கே தெரியும். கம்பிக்கு மேல் மூடும் காரை உள்ளூர் வழக்கப்படி ஓர் அங்குலம் விட்டால் கடற்கரையில் போதாது. 45 மில்லிமீட்டர் விட்டார்கள்.

துருவைப் பற்றி எழுதினால் நிற்காது. ஆனாலும் வெல்டிங் பட்டறைத் தம்பி செய்த காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஊஞ்சல் கம்பம், ஏணி, சறுக்குப் பலகைத் தாங்கி எல்லாவற்றையும் முழுதாக வெட்டி, துளையிட்டு, பற்றவைத்த பிறகுதான் துத்தநாகக் குளியலுக்கு, அதாவது துருப்பிடிக்காமலிருக்க உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க, அனுப்பினார். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: ஏற்கெனவே துத்தநாகம் பூசிய கால்வனைஸ் குழாயை வாங்கி வந்து வெல்டிங் வைப்பார்கள், அந்தச் சூட்டில் பூச்சு எரிந்துபோகும், தென்மேற்கிலிருந்து அடிக்கும் முதல் கச்சான் காற்றுக்கே வெல்டிங் ஓரத்தில் செம்புள்ளி கிளம்பும். பெயின்ட் அடித்தால் ஒரு பருவம் மறையும், அவ்வளவுதான். குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடம்தான் இன்னும் மோசம். ஈரமும் உப்பும் அங்கேயே தங்கும். அதற்குக் கான்கிரீட்டைத் தரைக்கு மேல் 3 அங்குலம் உயர்த்தி, குழாயிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு விட்டிருக்கிறார். போல்ட்டுகள் 316 ரக எவர்சில்வர். 304 விலை குறைவுதான், ஆனால் கடல் காற்றில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். துத்தநாகப் பூச்சோடு எவர்சில்வர் நேராக உரசாமல் இருக்க இடையில் நைலான் வாஷர் போட்டிருக்கிறது. அதைக் கழற்றிக் கையில் வைத்து விளையாடுகிற பிள்ளைகளின் பெற்றோர் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

ஊஞ்சலுக்குச் சங்கிலி இல்லை, நைலான் கயிறு. கண்ணி போட்டுப் பின்னிக் கொடுத்தது வள்ளத்துக்காரர்கள். வெயிலில் கயிறு நைந்ததா என்று பார்க்கக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், தூளாக உதிர்ந்தால் மாற்றும் நேரம். ஊஞ்சலின் கீழே ஓர் அடி ஆழத்துக்கு மணல் பொலபொலவென்று இருக்க வேண்டும். மிதிபட்டு இறுகிய மணல் தரையைப் போலத்தான் அடிக்கும், ஆகவே வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். அந்த மணலையும் கபடித் திடல் மணலையும் கொத்தனார் சல்லடையில் அரை அடி ஆழத்துக்குச் சலித்தது பள்ளிப் பிள்ளைகள். சல்லடையில் தங்கியவை: தூண்டில் முள், தங்கூசி (தூண்டில் நரம்பு) துண்டு, உடைந்த சிப்பி, திருக்கை முள். வெறுங்காலோடு விளையாடும் இடம் என்பதால் இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பூங்கா என்றாலே புல்தரை என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பூங்கா ஏமாற்றமாக இருக்கும். புல்லுக்கு ஊற்றும் தண்ணீரில் நூறு மரம் வளர்க்கலாம். இங்கே மணலுக்கு அடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும், பிறகு அந்தக் கிணறு தேற வருடக் கணக்காகும். ஆழம் வேண்டாம், உறை கிணறு போதும், சின்ன மோட்டாரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள் என்றவர்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு பழகிய பாட்டிமார்தான். பொறியாளரும் அதையே ஒப்புக்கொண்டார்.

மரக்குழி 2 அடிக்கு 2 அடி. கண்மாய் வண்டல், மக்கிய சாணம், மணல் மூன்றும் சம பங்கு. பூவரசு, புன்னை, வேம்பு ஆகியவை ஐப்பசி முதல் மழையோடு நடப்பட்டன. அப்போதுதான் மூன்று மாத மழையில் மேல்மண் உப்பு கீழே இறங்கி, வேர் பிடித்த பிறகு கோடை வரும். தென்மேற்கு ஓரத்தில் பனைவிதை, 10 அடி இடைவெளியில், இரண்டு வரிசை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மற்ற வரிசையின் விதை வரும்படி. பனை உயர்ந்து காற்றைத் தடுக்கப் பல வருடம் ஆகும். அதுவரைக்கும் பனையோலைத் தட்டிதான், பாதிக்குப் பாதி இடைவெளி விட்டுக் கட்டியது. அடைத்துக் கட்டினால் காற்று மேலே ஏறிக் குதித்துப் பின்னால் மணலைக் கொட்டும். மேட்டில் அடும்புக்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காமல் விட்டதே போதும், மணல் தானாக நிற்கிறது. விதையும் ஓலையும் தந்த பனையேறிகளுக்குக் காசு கொடுக்கப் போனோம், வாங்கவில்லை.

கபடித் திடல் ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு அதற்குள்ளேயே 12க்கு 8. கைப்பந்துத் திடல் 18க்கு 9. வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர் உயரம், பெண்களுக்கு 2.24. ஒரே கம்பத்தில் இரண்டு கொக்கி. திடல் வடக்கு தெற்காக நீள்கிறது, மாலை வெயில் யார் கண்ணிலும் அடிக்காது. போட்டிகளின் நாள்காட்டியைப் போட்டுத் தந்த உடற்கல்வி ஆசிரியர், கடலைப் பார்த்துப் போட்டது எங்களுக்குப் பிடித்திருந்தது. பெரிய போட்டிகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில். மற்ற மாதங்களில் விசைப்படகு கரையில் நிற்கும் நாட்களில் மட்டும் பயிற்சி. வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் எதுவும் இல்லை. விடியற்காலை நடைபாதை பெண்களுக்கு.

விளக்குகளில் ஒன்றுகூடக் கடலைப் பார்த்து எரியாது. தை முதல் பங்குனி ஆமை கரையேறும் காலம். பொரித்த குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஓடும், ஊர்ப்பக்கம் வெளிச்சம் என்றால் ஊருக்குள் வந்து சாகும். மஞ்சள் விளக்கு, மேல்மூடி, அந்த மாதங்களில் இரவு 8 மணிக்கு அணைப்பு. இதை ஒவ்வொரு கம்பமாக நின்று சரிபார்த்த வனக் காவலர்களுக்கும் மின்வாரியத் தோழர்களுக்கும் நன்றி.

‘நமக்கு நாமே’ திட்டத்துக்கு ஊர்ப் பங்கு மூன்றில் ஒன்று சேர, ஜமாத்தும் கோயில் கமிட்டியும் தேவாலயச் சபையும் ஒரே ரசீதுப் புத்தகத்தில் வசூலித்தன. கணக்கு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் பராமரிப்பு முறை வைக்கப்படும்: மணல் கிளற, கயிறு பார்க்க, கச்சான் மாதங்களில் வாரம் ஒருமுறை கம்பங்களை நல்ல தண்ணீரில் துடைக்க, தெருவுக்கு ஒரு மாதம். கீழத்தெருவும் பள்ளிவாசல் தெருவும் பெயர் கொடுத்துவிட்டன. மற்ற தெருக்காரர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள். முளைக்காமல் போன இடங்களுக்குப் பனைவிதை இன்னும் வேண்டும், புரட்டாசி முடிவதற்குள் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
ஊர்ப் பூங்கா, நடைபாதை, விளையாட்டுக் குழுவினர்