ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்பது வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா எனும் தசைவலியோடு வாழ்கிறேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதிலும் இது தெரியாது. அதனாலேயே ‘சோம்பேறி’ என்ற பேச்சையும் கேட்டுவிட்டேன். வலி முழுதாகப் போகாது, சரி, என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதைச் சமாளிக்கப் பழகினேன். தினமும் 20 நிமிடம் மெதுவான நடை, நேரத்துக்குத் தூக்கம், வெந்நீர் ஒத்தடம். எல்லாவற்றையும் விட முக்கியம், வலி குறைந்த நாளில் வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. அப்படிச் செய்தால் அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. கொஞ்சம் வேலை, கொஞ்சம் உட்காருதல், அப்புறம் மறுபடி வேலை.

வீட்டில் இது முடிகிறது. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் முடியவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் தளத்திலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஸ்டூலை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், அதில் உட்கார விடுகிறார்களா என்று பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

- ஒரு வாசகி, மதுரை