அரை மணி நேரத்துக்கு 5 ரூபாய்

இராயபுரம், சென்னை
20.12.2025

அன்புள்ள அந்தோணிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தணிந்து, ஓசூர்க் குளிரிலும் நீ காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. தங்கை ஸ்டெல்லாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். இங்கே எல்லோரும் நலம். கல்மண்டபத்தில் டிவி பழுதுபார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு டிவி கேமும் வைத்திருந்த நம் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகளும் சார்ஜர்களும் விற்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு கருத்துக்குத்தான் இத்தனை நாள் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். விளம்பரம் இருப்பதால்தான் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் விளையாட்டும் பாடமும் காசில்லாமல் கிடைக்கின்றன, அதைக் குறை சொல்வது நியாயமில்லை என்று எழுதியிருந்தாய். மூன்று மாதங்களுக்கு முன்பாக இருந்தால் நானும் ஆமாம் என்று எழுதியிருப்பேன். எங்கள் தெருமுனையில் ஒரு பெண் இரண்டு ஆண்டுகளாக யூடியூப் பாடங்களை மட்டுமே பார்த்துப் போட்டித் தேர்வுக்குப் படித்து வருகிறாள். அவளுக்குப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்ட வழியில்லை. அதை மறந்துவிட்டு நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு மின்சாரம் போய்விட்டது. மகள் வீட்டிலிருந்து பேரன் கதிர் வந்திருந்தான். ஒன்பது வயது. அவன் அம்மா பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைப்பேசியில் சிம் கிடையாது, வைஃபை இருந்தால்தான் அது வேலை செய்யும். பதினோரு மணிக்குத் தூக்கத்திலிருந்து என்னை எழுப்பி, "தாத்தா, 12 மணிக்குள் உள்ளே போகாவிட்டால் என் 63 நாள் போய்விடும்" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் ஆடும் விளையாட்டில் ஒவ்வொரு நாளும் தவறாமல் நுழைந்தால் ஒரு பரிசு உண்டாம், ஒரு நாள் விட்டாலும் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குமாம். என் கைப்பேசியிலும் அன்றைக்கு இணைப்பு எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்காமல், நனைந்துகொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போய், கைப்பேசியைச் சட்டைக்குள் மறைத்து வைத்தபடி அந்தப் பிள்ளை நின்ற காட்சியை நான் மறக்கவே மாட்டேன். 12 மணி கடந்தபோது அவன் அழுதான். விளையாட்டில் தோற்ற பிள்ளைகள் அழுவதை நம் கடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஆடாமல் விட்டதற்காக ஒரு பிள்ளை பயந்து அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழுது பார்க்கும் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருந்தவன் வேறு எப்படி உட்காருவேன்? அரை மணி நேரத்தில் 14 விளம்பரங்கள் வந்தன. ஒரு கட்டம் முடிந்தால் ஒரு விளம்பரம், தோற்றுவிட்டால் உயிர் திரும்பக் கிடைக்க 30 விநாடிகளுக்கு இன்னொன்று. மூடுவதற்கான பெருக்கல் குறி மிளகு அளவில் மூலையில் தோன்றுகிறது. பிள்ளையின் விரல் சற்றே தவறினால் விளம்பரக்காரரின் கடை திறந்துகொள்கிறது. அந்தக் குறி ஏன் அவ்வளவு சிறியது, ஏன் ஒவ்வொரு முறையும் வேறொரு மூலையில் வருகிறது என்று மகளிடம் கேட்டேன். மென்பொருள் துறையில் இருப்பவள் என்பதால் அவளுக்குத் தெரியும். அது கவனக்குறைவால் வந்த பிழை இல்லை என்றும், விரல் தவறுவதிலும் அவர்களுக்கு வருமானம் இருக்கிறது என்றும் சொன்னாள்.

அப்போதுதான் நம் கடை நினைவுக்கு வந்தது. பர்மா பஜாரில் பேரம் பேசி நீ வாங்கி வந்த இரண்டு டிவி கேம் பெட்டிகள், நான் பிக்சர் டியூப் மாற்றி உயிர் கொடுத்த சாலிடேர் டிவி, அரை மணி நேரத்துக்கு 5 ரூபாய். நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்து யாரோ செய்த நகல்தான் அவை என்பது அன்று நமக்குத் தெரியாது. கான்ட்ரா விளையாட்டில் எட்டுக் கட்டங்கள், மாரியோ விளையாட்டில் 32. இளவரசியை மீட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது, பிள்ளை எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுப்பான். அரை மணி ஆனதும் நீ பெஞ்சைத் தட்டுவாய். பள்ளிக்கூட நேரத்தில் வந்தவனை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினாய், அவன் அப்பா நமக்கு நன்றி சொன்னார். இதை நம்மைப் பெருமைப்படுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. நமக்குச் சேர வேண்டிய பணம் 5 ரூபாயோடு முடிந்துவிட்டதால், அவனை வீட்டுக்கு அனுப்புவதில் நமக்கு நட்டமில்லை. அவன் பெயர்கூடத் தெரியாமல், அவன் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறான், எப்போது சலிப்படைகிறான் என்று எதையும் குறித்துவைக்காமல் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய இலவச விளையாட்டைச் செய்பவருக்குப் பிள்ளை எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். ஆகவே அதில் முடிவு என்பதே வைக்கப்படவில்லை. என் குற்றச்சாட்டு இவ்வளவுதான் அந்தோணி. விளம்பரம் என்பதன் மேல் எனக்குப் பகையில்லை. விற்பவனின் இலாபம் பிள்ளையை எழவிடாமல் வைப்பதில் இருக்கும்படி ஒரு வியாபாரத்தை அமைத்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

செய்தித்தாளும் விளம்பரத்தால்தானே மலிவாகக் கிடைக்கிறது என்று நீ கேட்பாய். தீபாவளிக்கு எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போனார்கள், பிட் நோட்டீசு வீசினார்கள். அவற்றில் எதுவும் நான் படித்தேனா, எத்தனை விநாடி படித்தேன், படித்த பிறகு எங்கே போனேன் என்று திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நடப்பதை உனக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் உன் மாமா காசிமேட்டில் ஏலம் கூறியவர். விடியற்காலையில் வஞ்சிரக் கூடை இறங்கியதும் வியாபாரிகள் சுற்றி நின்று விலை கேட்பார்கள் அல்லவா? கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்கும்போது, ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், அப்படி ஓர் ஏலம் நடந்து முடிகிறது. எந்தக் கைப்பேசி, எந்த ஊர்ப் பக்கம், எந்தச் செயலி, இதற்கு முன் எதையெல்லாம் பார்த்தவர் என்ற விவரங்கள் கூடையில் வைக்கப்படுகின்றன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் திரையில் வருகிறது. காசிமேட்டில் ஏலத்தில் தோற்றவர் வெறுங்கையோடு திரும்புவார். இங்கே தோற்றவர்களுக்கும் கூடையில் இருந்த விவரம் காட்டப்பட்டுவிட்டது. நான் மனம் பொறுக்காமல் இருப்பது இந்த இடத்தில்தான், ஏனென்றால் அந்தக் கூடையில் இருப்பது நம் வீட்டுப் பிள்ளை.

இணையத்தில் முதல் பதாகை விளம்பரம் ஹாட்வயர்டு தளத்தில் 1994 அக்டோபர் 27 அன்று வந்ததாம். அப்போது அது வெறும் படம்தான், செய்தித்தாள் விளம்பரத்திலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை. பக்கத்தின் மேல் தானாகத் திறந்துகொள்ளும் தனிச் சாளர விளம்பரத்துக்கான நிரலை எழுதியவர்களில் ஒருவரான ஈத்தன் சக்கர்மேன், 2014இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். எல்லாவற்றையும் விளம்பரத்தின் மேல் கட்டியதுதான் இணையத்தின் மூலப் பாவம் என்பது அவர் கருத்து. தான் சால்டரிங் செய்த இடத்தில்தான் கோளாறு என்று ஒப்புக்கொள்ளும் மெக்கானிக்கை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

தொலைக்காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது நம் தொழில். சென்ற பொங்கலுக்கு 43 அங்குல ஸ்மார்ட் டிவி ஒன்று வாங்கினோம், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஓர் இரவில் தானாக ஏதோ மேம்படுத்திக்கொண்டது, காலையில் முகப்புத் திரையின் மேற்பாதியில் விளம்பரம் உட்கார்ந்திருந்தது. கையில் இருந்த பணம் முழுவதையும் கொடுத்து வாங்கிய பொருள் அது. தூர்தர்ஷன் 1975இல் சென்னைக்கு வந்த நாள் முதல், விற்ற பிறகு ஒரு பெட்டியின் உட்புறத்தை, சொந்தக்காரர் தூக்கிக்கொண்டு வந்தாலன்றி யாரும் தொட்டதில்லை. அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை எத்தனை பேருக்கு எல்.ஓ.டி. என்ற உயர் மின்னழுத்தப் பாகத்தை மாற்றிக் கொடுத்தோம், ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தானே பின்மூடியைக் கழற்றினோம்? அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனம், மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை விநாடிக்கு விநாடி அவர்களின் டிவியிலிருந்தே திரட்டியதற்காக 2017இல் 22 இலட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. உன் மகன் வாங்கியிருக்கும் டிவியிலும் அமைப்புகளுக்குள் போய், பார்ப்பவற்றைப் பற்றிய தகவலைப் பகிரும் தெரிவு எதுவும் திறந்திருந்தால் அணைத்துவிடச் சொல்.

சட்டங்கள் வந்திருக்கின்றன, அதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்யும் சட்டத்துக்கு இந்த ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதற்கு முன்பே தமிழக அரசு, பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நுழையக் கூடாது என்று விதி கொண்டுவந்தது, சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாதம் அதை உறுதி செய்தது. துறைமுகத்தில் லாரி ஓட்டும் நம் நண்பர் ஒருவரின் மகன், தங்கை திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை ரம்மியில் விட்டது உனக்குத் தெரியும். அந்தக் கதவு மூடப்பட்டது நல்லது. ஆனால் கதிரின் விளையாட்டில் யாரும் பணம் கட்டுவதில்லை, ஆகவே அந்தச் சட்டம் அவனைத் தொடாது. நுகர்வோரைத் தந்திரமாகச் சிக்கவைக்கும் 13 வகை வடிவமைப்புகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் நிறுவனம், பிள்ளைகளின் தகவலைத் திரட்டியதற்கும், குழப்பும் பொத்தான்களால் விருப்பமின்றிப் பொருள் வாங்க வைத்ததற்கும் சேர்த்து 2022இல் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தண்டிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

விளம்பரமில்லாவிட்டால் இலவசமே இருக்காது என்று நீ எழுதியதை மட்டும் நான் ஏற்கவில்லை. கல்யாண வீடியோக்களைத் திறக்க நாம் பயன்படுத்திய வி.எல்.சி. மென்பொருள், பாரிசில் மாணவர்கள் 1996இல் தொடங்கியது. இன்றும் பணமும் கேட்பதில்லை, விளம்பரமும் காட்டுவதில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் அப்படித்தான் நடக்கிறது. எல்லாவற்றையும் இப்படிச் செய்துவிட முடியாது என்பதையும் அறிவேன்.

ஆகவே பணம் கொடுத்தேன். கதிருக்கு ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை வாங்கினேன். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்டது. ஒருமுறை வாங்கினால் போதும், விளம்பரம் கிடையாது. இலவசமாக ஆயிரம் விளையாட்டுகள் இருக்கும்போது இதற்குப் போய்க் காசா என்று மகள் முதலில் கோபித்துக்கொண்டாள். அதில் ஒரு பண்ணையில் விதைத்து, நீர் ஊற்றி, இரவானதும் படுக்க வேண்டும். விளையாட்டின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். படுத்ததும் அன்றைய வேலை பதிவாகிவிடும். ஒரு வாரம் திறக்காவிட்டாலும் செடிகள் வாடாமல் அங்கேயே காத்திருக்கும். ஒரு மாலைக்கு விளையாட்டின் இரண்டு நாட்கள் என்று பேசி வைத்திருக்கிறோம், அதாவது நம் பழைய அரை மணி நேரம். முதல் வாரம் அவன் பழைய விளையாட்டைக் கேட்டு அடம்பிடித்தான், இப்போதும் சில நாள் கேட்கிறான். நேற்று இரண்டாவது நாள் முடிந்ததும் தானே கைப்பேசியை வைத்துவிட்டு, பாட்டியோடு மாவரைக்கப் போனான்.

ஓர் உதவி வேண்டும். வாத்து சுடும் விளையாட்டுக்கான துப்பாக்கி உன் வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும், கடையை மூடியபோது நீ எடுத்துப் போனாய். புதிய டிவிகளில் அது வேலை செய்யாது என்று கதிரிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும், துப்பாக்கி அந்த ஒளியைப் பார்க்கும், பிக்சர் டியூபில் மட்டுமே அந்த வேகம் ஒத்துவரும் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறேன். சாலிடேர் பெட்டி என்னிடம் இருக்கிறது, அதன் எல்.ஓ.டி.யை இந்த வாரம் பார்க்கப்போகிறேன். பொங்கலுக்கு நீ வரும்போது துப்பாக்கியை மறக்காமல் எடுத்து வா. அதன் ஒயர் நுனியில் இணைப்பு விட்டுப்போயிருந்தால் அப்படியே கொண்டு வா, இங்கே சரிசெய்துகொள்ளலாம்.

அன்புடன்,
தணிகாசலம்