ஏலம் விடும் தம்பிமாரே, ரிசேவ் விலையை ஏன் ஒளிக்கிறீர்கள்?

இணையத்தில் நாணயமும் தபால் முத்திரையும் ஏலம் விடும் தம்பிமாருக்கு,

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் உங்களில் ஒருவர் 1790 என்று பொறித்த ஒல்லாந்தக் கம்பனிச் செப்புக் காசு ஒன்றை ஏலத்துக்கு விட்டார். தொடக்க விலை 100 ரூபாய். நாலு பேர் மாறி மாறிக் கேட்டோம். இரவு பத்து மணிக்கு என் 2,400 ரூபாயோடு நேரம் முடிந்தது. காசு கிடைத்துவிட்டதென்று மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் ஒரு வரி வந்தது: ரிசேவ் விலையைத் தொடவில்லை, விற்பனை இல்லை. ரிசேவ் என்றால், இதற்குக் குறைந்தால் விற்கமாட்டேன் என்று விற்பவர் வைக்கும் அடிமட்ட விலை. அடுத்த கிழமை அதே காசு, அதே படம், அதே 100 ரூபாய்.

ரிசேவ் வைப்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இலங்கையின் முதல் முத்திரை, 1857இல் வந்த அந்தப் பழுப்பு நிற ஆறு பென்ஸ், என்னிடம் இருந்தால் நானும் வைப்பேன். மழை கொட்டிக் கரண்ட் போன இரவில், இரண்டே பேர் கேட்கும் விலைக்கு அதைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் ரிசேவ் உண்டென்று அறிவித்து ஏலம் விட இடம் தருகிறது. நீங்கள் அறிவித்தது ஏலம் முடிந்த பிறகு.

பெரிய ஏல நிறுவனங்களும் தொகையைச் சொல்வதில்லைதான். ஆனால் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகும் என்று ஒரு மதிப்பை அச்சிடுகிறார்கள். ரிசேவ் பெரும்பாலும் அதன் கீழ் எல்லையைத் தாண்டாது. ஈபேயில் ஏலம் நடக்கும்போதே ரிசேவ் இன்னும் எட்டவில்லை என்று காட்டும். உங்களிடம் இருப்பது 100 ரூபாய் என்ற தூண்டில் மட்டும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சிலர் விற்கவே வருவதில்லை. எங்களைக் கேட்கவிட்டு இலவசமாக விலை அறிந்துகொண்டு, அப்புறம் உள்பெட்டியில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கடற்கரை மீன் ஏலத்தில் இது நடக்காது. மீன் நாறிவிடும், விற்றே ஆகவேண்டும். செப்புக் காசு இருநூறு வருடம் கெடாமல் கிடந்தது, இன்னொரு கிழமையும் கிடக்கும். அந்தத் தைரியம்தான்.

தொகையைச் சொல்ல மனமில்லையா, சரி. ரிசேவ் உண்டு என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். அதைத் தொட்டதும் தொட்டாயிற்று என்று எழுதுங்கள். சாதாரணக் காசுகளுக்கு அதுவும் வேண்டாம், கட்டுப்படியாகும் விலையிலேயே ஏலத்தைத் தொடங்குங்கள். 1790 காசு ஒன்றும் அபூர்வமில்லை, எத்தனையோ பேரிடம் இருக்கிறது. கூட்டாளியை விட்டு விலை ஏற்றும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அதே சட்டப்படி, வாங்கியவர் அந்த விற்பனையை மோசடி என்று தள்ளிவிடலாம்.

அந்தக் காசு மறுபடியும் வந்தால், நான் கேட்கும் விலை அதே 2,400தான்.

கல்லடியிலிருந்து,
ஒரு சேகரிப்பாளன்