ஹீட் பம்ப்பில் கேஸ் தீராது, குறைந்தால் ஒழுகுகிறது என்றுதான் பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிக் காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து சூடேற்றும் ஹீட் பம்ப், வீட்டைச் சூடாக்காவிட்டால் என்ன செய்வது என்று சென்ற வாரம் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். காற்று வெதுவெதுப்பாக மட்டும் வந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று பொருள், வருடத்துக்கு ஒருமுறை நிரப்பிக்கொள்வது நல்லது என்று அதில் இரண்டு வரி இருந்தது. இதே இரண்டு வரியை ஒரு மெக்கானிக் வாயால் கேட்டு, நம்பி, போன குளிர்காலத்தில் மூன்று வாரம் திண்டாடிய குடும்பம் நாங்கள். அதனால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கேஸ் விஷயம். ஹீட் பம்ப்பில் இருப்பது எரிந்து தீர்கிற கேஸ் இல்லை. ஃப்ரிட்ஜில் இருக்கிற மாதிரி, நான்கு பக்கமும் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற கேஸ். வெளியே எவ்வளவு குளிர் என்றாலும் அந்தக் காற்றில் கொஞ்சம் வெப்பம் இருக்கத்தான் செய்யும், அவுட்டோர் யூனிட்டின் (வீட்டுக்கு வெளியே நிற்கும் பெட்டியின்) காயிலுக்குள், அதாவது வளைத்து வளைத்துப் போட்ட குழாய்க்குள், ஓடும் கேஸ் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்து நிற்பதால் அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது, கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடேற்றி வீட்டுக்குள் தள்ளுகிறது, உள்ளே வெப்பத்தை இறக்கிவிட்டு மறுபடி வெளியே ஓடுகிறது. இதில் எந்த இடத்தில் கேஸ் செலவாகிறது? எங்கும் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு யாராவது வருடாவருடம் கேஸ் போடுகிறோமா? ஹீட் பம்ப்பில் கேஸ் குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

எங்கள் கதைக்கு வருகிறேன். வீட்டுக்குள் எத்தனை டிகிரி வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை 21-இல் வைத்தால் வீடு 16-ஐத் தாண்டவில்லை. வெளியே அப்படி ஒன்றும் கொடுங்குளிர் இல்லை, இரண்டு மூன்று டிகிரி, விட்டுவிட்டுத் தூறல். அவுட்டோர் யூனிட்டைப் போய்ப் பார்த்தால் காயில் முழுக்க வெள்ளைச் சுவர் போலப் பனிக்கட்டி, உள்ளே ஃபேன் இறக்கை அதில் உரசி டக டக என்று சத்தம். வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சுரண்டக் கிளம்பினார், நல்லவேளை தடுத்தேன். காயிலில் இருக்கும் அலுமினியத் தகடுகள் தாள் மாதிரி, அதற்குப் பின்னால்தான் கேஸ் குழாய், ஒரு குத்து போதும்.

வந்த மெக்கானிக் நேராக மீட்டரை மாட்டி அழுத்தம் பார்த்தார், குறைவாகக் காட்டியது. "கேஸ் தீர்ந்துபோச்சு, அதனாலதான் ஐஸ் பிடிக்குது" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, கேஸ் குறைந்தாலும் காயிலில் ஐஸ் பிடிக்கும்தான். ஆனால் இதைத் திருப்பியும் பார்க்க வேண்டுமே: காயில் ஐஸால் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது, கேஸுக்கு வெப்பம் கிடைக்காது, அப்போதும் மீட்டரில் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும், கேஸ் சரியான அளவில் இருந்தாலும். ஐஸை உருக்கிவிட்டு அல்லவா அளந்திருக்க வேண்டும்?

நான்கு நாள் கழித்து நன்றாக வெயில் அடித்தது, ஐஸ் தானாக உருகியது, இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தால் இப்போது கம்ப்ரஸர் பத்து நிமிடம் ஓடுவதும் தானாக நிற்பதுமாக ஆனது. அளவுக்கு மீறி கேஸ் ஏற்றிவிட்டதால் அழுத்தம் எகிறி, பாதுகாப்புச் சுவிட்ச் வெட்டிவிடுகிறது என்று பின்னால்தான் புரிந்தது. ஒரு வாரத்தில் தூறல் திரும்பியது, ஐஸும் திரும்பியது.

அப்புறம் வேறொரு இடத்திலிருந்து ஒரு பெண் மெக்கானிக் வந்தார். மீட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. பவரை அணைத்தார், வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி ஐஸை உருக்கினார், பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார், காயில் குழாயோடு கிளிப் போட்டுக் கவ்வியிருக்க வேண்டியது, கழன்று காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் மொத்த வியாதியும்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஹீட் பம்ப் ஓடும்போது வெளிக் காயிலில் பனி படிவது இயல்பு. சொல்லப்போனால் உலர்ந்த கடுங்குளிரைவிட, பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம் ஈரம் கலந்த குளிரில்தான் அதிகம் படியும், காற்றில் ஈரம் இருந்தால்தானே பனியாக முடியும். காயில் உறைநிலைக்குக் கீழே போனதைச் சென்சார் சொன்னால், யூனிட் சில நிமிடம் தன் திசையையே மாற்றிக்கொண்டு சூடான கேஸை வெளிக் காயிலுக்கு அனுப்பிப் பனியை உருக்கும். டிஃப்ராஸ்ட் என்பது இதுதான். எங்கள் சென்சார் குழாயைத் தொடாமல் காற்றில் தொங்கியதால், குழாய் மைனஸ் ஐந்தில் கிடக்க, அது காற்றின் வெப்பநிலையான பிளஸ் மூன்றைப் படித்துக்கொண்டு "இங்கே எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யூனிட்டும் நம்பிவிட்டது. கிளிப்பைப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் முதல் ஆள் ஏற்றிய கேஸை முழுக்க உருவி, யூனிட் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதிய எடைப்படி தராசில் நிறுத்து மறுபடி ஏற்றத்தான் அரை நாள் ஆனது.

சரி, எல்லாம் முடிந்து ஹீட் பம்ப் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்று என் மாமியார் சூடான காற்று வரும் துவாரத்துக்குக் கீழே கையை நீட்டிவிட்டு, "இதென்ன சூடு, பக்கத்துல யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு, இன்னும் சரியாகலை போல" என்றார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், 34 டிகிரி. நாம் விடும் மூச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான்! உங்கள் துணுக்கின் முதல் பாதி தப்பாவது இங்கேதான். எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து 50, 60 டிகிரியில் காற்று வரும், கை வைத்தால் சுடும். ஹீட் பம்ப் காற்று பெரும்பாலும் 32-லிருந்து 40-க்குள். நம் உடம்புச் சூட்டை ஒட்டியே இருப்பதாலும் வேகமாக வீசுவதாலும் கைக்குச் சூடாகவே தெரியாது. ஆனால் நிற்காமல் மணிக்கணக்கில் அடித்து வீட்டைச் சூடாக்கிவிடும். ஃபர்னஸுக்குப் பழகியவர்கள் பலரும் முதல் குளிர்காலத்தில் இதைப் பழுது என்றே நினைக்கிறார்கள்.

கையை நம்பாமல் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை நம்புங்கள். காற்றை உள்ளே இழுக்கிற இடத்தில் ஒரு அளவு, வெளியே ஊதுகிற இடத்தில் ஒரு அளவு. யூனிட் கால் மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும், துணை ஹீட்டர் (ஹீட் பம்ப்புக்குக் கைகொடுக்கும் மின்சார ஹீட்டர்) அணைந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பத்து டிகிரிக்குக் குறையாமல் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் யூனிட் தன் வேலையைச் செய்கிறது (கடுங்குளிரில் இது கொஞ்சம் குறையும்), வீடு சூடாகாததற்குக் காரணம் வேறு எங்கேயோ: பரண் வழியாகப் போகும் டக்ட்டின் (சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாயின்) இணைப்பு விட்டுப்போய்ப் பரணைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம், ஜன்னல் இடுக்கு, இன்சுலேஷன், அல்லது வீட்டின் அளவுக்கு யூனிட் சின்னது. நாலைந்து டிகிரிதான் வித்தியாசம் என்றால் யூனிட்டைப் பாருங்கள். அந்த மூன்று வாரமும் எங்களுக்கு ஆறுதான் இருந்திருக்கும், அளக்கத் தோன்றவில்லை.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பாதித் தொல்லை அதில்தான், காற்றோட்டம் குறைந்தால் கேஸிலிருந்து சூட்டை இறக்க முடியாமல் கம்ப்ரஸரே நின்றுபோகும். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ஆட்டோவில் வைக்காமல் ஆனில் வைத்திருந்தால் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும் நேரத்திலும் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே இருக்கும். பல வீடுகளில் உள் யூனிட்டுக்கு ஒரு பிரேக்கர், வெளி யூனிட்டுக்கு ஒரு பிரேக்கர். வெளியே உள்ளது மட்டும் விழுந்துவிட்டால் உள்ளே ஃபேன் ஜோராக ஓடும், சூடு மட்டும் வராது. ஒருமுறை தூக்கிவிடலாம், மறுபடி விழுந்தால் தொடாதீர்கள். அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி இலை, பனி குவிந்திருந்தால் அள்ளிப் போடுங்கள். புதிதாகத் தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு சூடு கேட்டால் குளிர் வருகிறதா? திசை மாற்றும் வால்வுக்குப் போகும் ஒயர் ஒன்று உண்டு, ஓ என்றோ பி என்றோ குறித்திருக்கும், அதன் செட்டிங் தலைகீழாக இருக்கும். மூடியைக் கழற்றிக் கெபாசிட்டரில் கை வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், பவரை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட்டில் இருக்கும் எமர்ஜென்சி ஹீட் பொத்தான். அந்த மூன்று வாரத்தில் கடைசி வாரம் நாங்கள் இதைப் போட்டுத்தான் தப்பித்தோம், வீடு ஜம்மென்று சூடானது. ஆனால் அதைப் போட்டதும் ஹீட் பம்ப் ஒதுங்கிக்கொள்கிறது, வெறும் மின்சார ஹீட்டர் கம்பிதான் சூடாக்குகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு. ஹீட் பம்ப் ஒழுங்காக ஓடினால் மிதமான குளிரில் அதே ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தரும். பழுதை இந்தப் பொத்தான் அழகாக மூடி மறைத்துவிடும், பில் வரும்வரை தெரியாது. இரவில் 15-க்கு இறக்கிவிட்டுக் காலையில் ஒரேயடியாக 21-க்கு ஏற்றினாலும், சீக்கிரம் எட்டிப்பிடிக்க அந்தத் துணை ஹீட்டர் நமக்குச் சொல்லாமலே ஓடத் தொடங்கிவிடும். ஹீட் பம்ப்பை ஒரே அளவில் விட்டுவிடுவதே மேல்.

சிரிப்புக்கு ஒன்று. சென்சார் சரியான மறுநாள் அதிகாலை எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார், உங்கள் யூனிட் புகைகிறது, தீப்பிடித்துவிட்டது என்று. போய்ப் பார்த்தால் ஃபேன் நின்றிருக்கிறது, காயிலிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புகிறது, அடியில் தண்ணீர் சொட்டுகிறது. டிஃப்ராஸ்ட்! ஐந்து நிமிடத்தில் உஸ் என்று ஒரு சத்தம், வால்வு திரும்பியது, ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மூன்று வாரமாக அந்தப் புகைக்குத்தான் நாங்கள் காத்திருந்தோம் என்று அவருக்கு விளக்கிச் சொல்லவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடம் உள்ளே காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக வரும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்த இரண்டு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கேஸ் குறைவு என்று யாராவது சொன்னால் எங்கே ஒழுகுகிறது, எவ்வளவு எடை ஏற்றுகிறீர்கள், ஐஸை உருக்கிய பிறகு அளந்தீர்களா என்ற மூன்று கேள்வியையும் கேட்கச் சொல்லிப் போடுங்கள். குளிர்காலம் முடிவதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி