ஆலைக் குளத்துக்கு மூடி எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

புவி வெப்பமாதல் என்றாலே கார், விமானம் என்றுதான் பேசுகிறோம். எங்கள் தோட்டப்பக்கச் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குளத்தைப் போய்ப் பாருங்கள். கறுத்த நீரில் ஓயாமல் குமிழி வெடிக்கும். அதில் பெரும்பகுதி மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு சூடேற்றும். ஆனால், ஏறக்குறைய 12 ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி காற்றில் சிதைந்துவிடும். இன்று தடுத்தால் பலன் சீக்கிரமே தெரியும்.

குளத்தை மூடி வாயுவைப் பிடித்து மின்சாரமும் எடுக்கலாம். மலேசியாவில் 2014 முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கம் கேட்பவற்றுக்கும் இது கட்டாயம். சரி, பழைய ஆலைகள்? செலவைக் காட்டித் தட்டிக்கழிக்கின்றன. 2050க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளிவிடும் வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமம் என்கிறது அரசு. உச்சி வெயிலில் குலை வெட்டுபவருக்கு அது ரொம்பத் தூரம். உரிமம் புதுப்பிக்கும்போதே மூடியைக் கேட்கட்டும்.

– தோட்டத்து வாசகர், தெலுக் இந்தான், பேராக்